ஐந்து துணி முடிச்சுகள்

அக்டோபர் 19, சனி

முட்டை இன்று ரப்பர் பந்து மாதிரி ஆகிவிட்டது. முந்தாநாள் வினிகரில் போட்டது. ஓடு முழுக்கக் கரைந்துபோய், உள்ளே மஞ்சள் கரு நிழலாக அசைவது தெரிகிறது. ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து வீட்டுக்காரருக்குக் காட்டினேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"இத இனி என்ன செய்யிறது? ஆம்லெட் போடலாமா?"

"வினிகர் குடிச்ச முட்டைங்க அது."

"அப்ப ஊறுகாய்ல சேத்துக்க."

அடுப்படிப் பொருள்களை வைத்தே செய்யக்கூடிய சோதனைகளாகச் சேர்த்து ஒரு சின்னப் புத்தகம் எழுதித் தரும்படி பதிப்பகத்தார் கேட்டிருக்கிறார்கள். செய்து பார்க்காத சோதனையை எழுதுவதில்லை என்று முடிவு செய்திருக்கிறேன். பாடப்புத்தகங்களில் 'நுரைத்துப் பொங்கும்' என்று ஒரு வரி இருக்கும். எவ்வளவு பொங்கும், டம்ளர் கொள்ளுமா என்று எழுதியவர் பார்த்திருக்கமாட்டார். மேசை நனைந்த பிறகுதான் வாத்தியாருக்குத் தெரியும்.

வினிகர் நெடி மூக்கில் ஏறிக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

மதியம் அவர் வைத்த முருங்கைக்காய் சாம்பார். சப்பென்று இருந்தது. சொல்லவில்லை. போன மாதம் எனக்குக் காய்ச்சல் வந்து கிடந்தபோது அவரும் தூங்காமல் கொள்ளாமல் கிடந்தார். அந்த அசதி இன்னும் போகவில்லை போலிருக்கிறது.

அக்டோபர் 22, செவ்வாய்

அடுத்த சோதனை, மஞ்சள்தூள் தடவிய தாள். ஆரத்தித் தண்ணீர் ஏன் சிவக்கிறது என்பதிலிருந்து தொடங்கப்போகிறேன். மஞ்சளைப் பார்த்த வீட்டில் எல்லோரும் ஆரத்தியையும் பார்த்திருப்பார்கள். சுண்ணாம்பு பட்டதும் சிவப்பதை யாரும் சோதனை என்று நினைப்பதில்லை. சோப்புத் தண்ணீரிலும் சிவந்தது. எலுமிச்சை விட்டதும் மறுபடி மஞ்சள்.

காப்பியும் கொஞ்ச நாளாக வெந்நீர் மாதிரி இருக்கிறது. பொடி அரைக்கிற கடையில் சிக்கரியை அள்ளிப் போடுகிறார்களோ என்னவோ.

மாடியில் குடியிருக்கும் செலின் தையல் கூலிக்கு வந்த துணிகளோடு இறங்கிவந்தாள். நின்றபடியே ஒரு டம்ளர் ரசம் குடித்துவிட்டுப் போனாள்.

"சாரு ரசம் வச்சா மாடி வரைக்கும் மணக்குது டீச்சர். ஆனா இப்பல்லாம் பெருங்காயம் கொஞ்சம் தூக்கலா இருக்கே?"

அவர் அடுப்பைத் துடைத்துக்கொண்டிருந்தார். செலின் மரியாதைக்குப் புகழ்கிறவள், கணக்கில் எடுக்கக்கூடாது. எனக்கு அந்த ரசத்தில் புளிப்பும் உப்பும் தவிர ஒன்றும் தெரியவில்லை. அவருக்கு எழுபத்திரண்டு வயது. கை மறக்கத் தொடங்கியிருக்கலாம். இதை எழுதவே கஷ்டமாக இருக்கிறது.

கூட்ஸ் வண்டியில் கார்டாக இருந்த காலமெல்லாம் கடைசிப் பெட்டியான பிரேக் வேனில் உட்கார்ந்து ஆறிப்போன பொட்டலச் சோறு தின்றவர். ஓய்வு பெற்ற மறுநாளே "இனி அடுப்படி எனக்கு" என்று வாங்கிக்கொண்டார். நான் ஓய்வு பெற்று வந்ததும் திருப்பிக் கேட்டேன், தரவில்லை. "சிக்னல் விழல, வெளியவே நில்லு" என்றார்.

அக்டோபர் 26, சனி

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

காலையில் அவர் கடைக்குப் போயிருந்த நேரம், அடுப்பு சும்மா இருக்கிறதே என்று செம்பருத்தி இதழ்களைக் கொதிக்கவைத்தேன். கருஞ்சிவப்பாகச் சாறு இறங்கியதும் அடுப்பை அணைத்துவிட்டு, பாத்திரத்தை முன்னறை மேசைக்குக் கொண்டுவந்தேன். மூன்று கண்ணாடி டம்ளர். ஒன்றில் எலுமிச்சை: பளிச்சென்ற ரோஸ். ஒன்றில் ஆப்ப சோடா: பச்சை. சோடா கரையக் கரைய, சிவப்பும் பச்சையும் கலக்கிற இடத்தில் கொஞ்ச நேரம் ஒரு நீலம் வந்து போகிறது. அந்த நீலத்தைப் பிடிக்க வேண்டும் என்று சிட்டிகை சிட்டிகையாகப் போட்டுக்கொண்டிருந்தேன்.

திடீரென்று செலின் வாசல் வழியாக உள்ளே ஓடினாள். அவர் அவளுக்கு முன்னால் ஓடினார். அடுப்படியில் ஜன்னல் கதவுகள் படபடவென்று திறக்கிற சத்தம். "ஃபேன் சுவிட்சத் தொடாதீங்க டீச்சர்" என்று செலின் கத்தினாள். கேஸ் கசிந்து வீடெல்லாம் பரவியிருந்ததாம். அடுப்பு எரியவில்லை, திருகு மட்டும் திறந்திருந்தது.

"யாரு இப்படித் தெறந்து போட்டது?" என்றாள் செலின்.

அவர் அடுப்பைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். என் கையில் சோடா ஸ்பூன் இருந்தது.

"நாந்தான். பால் வைக்கலாம்னு திருகிட்டு மறந்துட்டேன் போல."

அவர் எப்போது வந்து எப்போது பால் வைத்தார் என்று எனக்குத் தெரியவில்லை. நீலத்தில் மூழ்கியிருந்தேன். எனக்கு ஏன் வாசம் தெரியவில்லை என்று யோசித்துப் பார்த்தேன். கேஸ் காற்றைவிடக் கனமானது, தரையோடு தரையாகப் பரவும். நான் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். அதுதான் காரணமாக இருக்கும்.

அக்டோபர் 27, ஞாயிறு

செலின் கோயமுத்தூருக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டாள். மகள் தேன்மொழி காலையிலேயே கூப்பிட்டாள். ஸ்பீக்கரில் போடாதே என்றாள். அவர் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். அவள் குரல் ஸ்பீக்கர் இல்லாமலேயே கேட்கும்.

"அம்மா, அப்பாவை இனி அடுப்புப் பக்கம் விடாத."

"ஒருநாள் நடந்ததுக்கா?"

"சாப்பாட்டுல ஒரு ருசியும் இல்ல, அப்பா என்னத்தையோ மறந்துட்டுப் போடுறாருன்னு போன வாரம் நீதான சொன்ன? இப்ப கேஸ். இன்னும் என்ன நடக்கணும்? பதினாறாந் தேதி வர்றேன். சிலிண்டரைத் திருப்பிக் குடுத்துறலாம். கேரியர் சாப்பாடு ஏற்பாடு பண்றேன். ஒத்து வரலன்னா ரெண்டு பேரும் எங்கூட வந்துருங்க."

போனை வைத்ததும் அவர் எழுந்துபோய் மேல்தட்டிலிருந்து இட்லிக் கொப்பரையை எடுத்துத் தேய்க்கத் தொடங்கினார். சுத்தமாக இருந்த கொப்பரை அது.

அக்டோபர் 31, வியாழன்

தீபாவளி. கடையில் வாங்கிய மைசூர்பாகு. அவர் எண்ணெய்ச் சட்டியே வைக்கவில்லை. வருடாவருடம் விடிவதற்குள் பஜ்ஜி போட்டுச் செலின் வீட்டுக்கும் கொடுத்தனுப்புவார். இந்த ஐந்து நாளாகக் கஞ்சியும் துவையலும்தான். "ஒத்திகை பாக்குறேன்" என்கிறார். வேடிக்கைக்குச் சொல்வதுபோலத்தான் சொல்கிறார்.

நவம்பர் 3, ஞாயிறு

உட்கார்ந்து யோசித்தேன். தேன்மொழியிடம் வாயால் வாதாடிப் பயனில்லை. அவளுக்கு ஆதாரம் வேண்டும்.

அவருக்கு மூக்கு சரியாக வேலை செய்தால், கேஸ் கசிவு வெறும் கவனக்குறைவு. கவனக்குறைவு யாருக்கும் வரும். மூக்கு போய்விட்டது என்றால்தான் ஆபத்து, சாம்பாரும் அதனால்தான் சப்பென்று இருக்கிறது என்றாகும். ஆகவே மூக்கைத்தான் சோதிக்க வேண்டும். புத்தகத்துக்கும் ஓர் அத்தியாயம் ஆயிற்று.

ஐந்து வெள்ளைத் துணி. ஐந்து பொருள். முடிச்சுப் போட்டு மூடிய எவர்சில்வர் டம்ளருக்குள். அவர் கண்ணைக் கட்டிவிட வேண்டும். டம்ளருக்கு அடியில் சீட்டு.

நவம்பர் 5, செவ்வாய்

சோதனை முடிந்தது. அவர் தேறிவிட்டார்.

முதலில் கண்ணைக் கட்டச் சம்மதிக்கவில்லை. "வயசான காலத்துல கண்ணக் கட்டி வெளயாடுறியா?" என்றார். தேன்மொழிக்குக் காட்டத்தான் என்று சொன்னதும் சட்டென்று முகம் மாறியது. "எம்மூக்கையா? சோதிச்சுக்க" என்று துண்டை அவரே கட்டிக்கொண்டார்.

முதல் டம்ளரை மூடி திறந்து நீட்டினேன்.

"கிராம்பு."

இரண்டாவது.

"ஏலக்கா. பழசு. நான் வாங்கினதில்ல, நீ வாங்கினது."

மூன்றாவது.

"சீரகம். ஏன் டீச்சர், பரிச்சை இவ்வளவு லேசாவா வைக்கிறது?"

நான்காவதைக் கிட்டக் கொண்டுபோகும் முன்பே முகத்தைத் திருப்பிக்கொண்டார். "பெருங்காயம். மூடு, மூடு."

ஐந்தாவது காப்பிப்பொடி. மூச்சை நன்றாக இழுத்து, "ஒரு வா போட்டுத் தரவா?" என்றார்.

ஐந்துக்கு ஐந்து. ஒவ்வொன்றையும் அவருக்குப் பிறகு நானும் முகர்ந்து சரிபார்த்தேன். கிராம்பு கிராம்பாகவும், ஏலக்காய் ஏலக்காயாகவும் இருந்தது.

அவர் காப்பி போடப் போனபின் சாமான்களை எடுத்து வைத்தேன். ஈர மேசையில் சீட்டுகள் ஒட்டிக்கொண்டு, எந்த டம்ளர் எது என்று கலந்துவிட்டது. அதனால் ஒன்றுமில்லை, முகர்ந்தால் தெரிந்துவிடும்.

ஐந்து முடிச்சையும் அவிழ்த்துப் பார்த்துத்தான் அந்தந்த டப்பாவில் போட்டேன்.

நவம்பர் 6, புதன்

மூக்கடைப்பு இல்லை. முகம் பார்க்கும் கண்ணாடியை மூக்குக்கு அடியில் வைத்து மூச்சு விட்டுப் பார்த்தேன். இரண்டு பக்கமும் சமமாகப் பனி படிந்தது. இந்தச் சோதனையையும் புத்தகத்தில் சேர்க்கலாம்.

நவம்பர் 8, வெள்ளி

அவர் மூக்கு சரி என்றால், சாப்பாடு சப்பென்று இருப்பதற்குக் காரணம் பொருள்களில் இருக்க வேண்டும். கலப்படம். இரண்டு நாளாக இதே வேலை.

காப்பிப்பொடியைக் குளிர்ந்த தண்ணீர்மேல் தூவினேன். சிக்கரி இருந்தால் பழுப்பு வால் விட்டுக்கொண்டு அடியில் இறங்கும். இது வெகுநேரம் படகு மாதிரி மிதந்தது. சுத்தமான காப்பி.

கட்டிப் பெருங்காயத்தில் ஒரு கிள்ளு எடுத்துத் தண்ணீரில் கரைத்தேன். பால்போல வெளுத்தது, அடியில் மண் தங்கவில்லை. இன்னொரு கிள்ளைத் தீயில் காட்டினேன். கற்பூரம் மாதிரிப் பற்றி எரிந்தது. அவர் கூடத்திலிருந்து, "அடுப்படியில என்ன யாகம் நடக்குது, நாத்தம் இங்க வரைக்கும் வருது" என்றார்.

தேங்காய் எண்ணெயைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தேன். அடிமுதல் நுனிவரை ஒரே மாதிரி உறைந்தது. நெய்யும் சரி. எல்லாம் சரி.

எல்லாம் சரியாக இருப்பது எப்போதும் நல்ல செய்தி இல்லை. ஒரு கணக்கில் எல்லாப் படிகளும் சரியாக இருந்தும் விடை தப்பாக வந்தால், கணக்கை எடுத்து எழுதியபோதே தப்பாக எழுதியிருக்கிறோம் என்று அர்த்தம். பிள்ளைகளுக்கு இதை எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன்.

நவம்பர் 9, சனி

வத்தல் வறுத்தார். மிளகாய் நெடி ஏறி அடுக்கடுக்காகத் தும்மினேன். அப்படி ஒரு நிம்மதி. தும்மித் தும்மிச் சிரித்தேன். அவர் வந்து வாசலில் நின்று, ஏன் சிரிக்கிறேன் என்று கேட்காமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

நவம்பர் 10, ஞாயிறு

நேற்றைய நிம்மதி ஒருநாள்கூடத் தாங்கவில்லை. நெடி என்பது வேறு. மிளகாய்ப் புகை, வினிகர், வெங்காயம் இவையெல்லாம் மூக்கின் தோலைச் சுடுகிற சங்கதிகள். சூட்டையும் வலியையும் கொண்டுபோகிற நரம்பு ஒன்று. வாசத்தைக் கொண்டுபோகிற நரம்பு இன்னொன்று. வெளிவாசல் தட்டுகிற சத்தம் கேட்கிறது என்பதால் உள்ளே விளக்கு எரிகிறது என்று சொல்லிவிட முடியாது.

ஆகவே நாக்கும் மூக்கும் என்ற அத்தியாயத்துக்கான சோதனையைச் செய்தேன். எளிய சோதனை. மூக்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு சீரகத்தை மெல்ல வேண்டும். ஏதோ உமியை மெல்வது மாதிரி இருக்கும். மெல்லும்போதே மூக்கை விட்டால், விட்ட அந்த நொடியில் சீரகம் 'வந்துவிடும்'. நாம் ருசி என்று சொல்வதில் பெரும்பங்கு வாசம்தான் என்பதற்கு இதைவிட நல்ல சோதனை இல்லை.

அவரை முதலில் செய்யச் சொன்னேன்.

"இப்ப?"

"உமி."

"விடுங்க."

"அட. வந்துருச்சு." பிறகு நான் மெல்வதைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

நான் மூக்கைப் பிடித்தேன். மென்றேன். விட்டேன்.

மறுபடி செய்தேன். சோம்பில் செய்தேன். சர்க்கரை போட்ட காப்பிப்பொடியில் செய்தேன். இனிப்பும் கசப்பும் இருந்தன.

"சோதனை சரியா வந்துச்சா?" என்று கேட்டார்.

"வந்துச்சு" என்றேன்.

நவம்பர் 12, செவ்வாய்

ஜாக்கெட் அளவுக்குச் செலினிடம் போயிருந்தேன். கேஸ் விஷயத்தை அவளே எடுத்தாள்.

"தேனுகிட்டச் சொன்னது தப்பா டீச்சர்? சார் எங்கூடச் சரியாப் பேசுறதில்ல."

"தப்பில்ல. நல்லதுக்குத்தான சொன்ன."

"அன்னிக்கு சார் இல்லன்னா நானே கவனிச்சிருக்க மாட்டேன். நான் மாடிப்படி கூட்டிக்கிட்டிருந்தேன். சார் அப்பத்தான் கேட்டத் தெறந்தாரு, கையில பால் பாக்கெட்டு. மூக்க உறிஞ்சினாரு. 'செலின், கேஸ் வாடை'ன்னு பாக்கெட்ட அப்படியே போட்டுட்டு ஓடினாரு. பாக்கெட்டு உடைஞ்சு பூரா பாலு. நாந்தான் அப்புறம் கழுவி விட்டேன். கடைக்குப் போகுமுன்னயே அடுப்பத் திருகிட்டு மறந்திருப்பாரு போல."

அவள் ஊசியில் நூல் கோத்தபடி சாதாரணமாகச் சொன்னாள். சொல்லிவிட்டு, கை தூக்குங்க டீச்சர் என்றாள்.

பால் கேட்டிலேயே கொட்டிவிட்டது என்றால், அவர் கடைக்குப் போன பிறகு அடுப்பைத் திருகியது யார்?

வீட்டுக்கு வந்து அடுப்பின் முன் நின்றேன். எரிந்துகொண்டிருக்கும்போது திருகை இந்தப் பக்கம் திருப்பினால் அணையும். அந்தப் பக்கம் திருப்பினால் சிம். நீலமான, சட்டென்று கண்ணுக்குத் தெரியாத சின்னச் சுடர். மேலே ஒரு கதவு எப்போதும் திறந்தே கிடக்கும் ஜன்னல். நல்ல காற்று, சுடரை அணைத்திருக்கும். எனக்கு அடுப்பில் கை பழக்கம் விட்டுப்போய் வருடங்கள் ஆகின்றன.

கேஸுக்கு இயல்பில் வாசமே கிடையாது. கசிந்தால் தெரியட்டும் என்று நாற்றத்தை வேண்டுமென்றே கலந்து அனுப்புகிறார்கள்.

நவம்பர் 13, புதன்

கேட்டுவிட்டேன். அவர் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"அன்னிக்கு அடுப்ப விட்டது நான்தானே?"

"எதுக்கு இப்ப அது?"

"நீங்க வந்தப்பவே கேஸ் வந்துக்கிட்டிருந்துச்சு. செலின் சொன்னா."

இன்னொரு கீரைக்கட்டை அவிழ்த்தார்.

"உனக்கு வாசம் தெரியலன்னு காய்ச்சல் விட்ட மறுவாரமே தெரியும், பூரணம்."

"எப்படி?"

"நானும் சோதனை பண்ணேன்ல. நீ மட்டுந்தான் பண்ணுவியா? ஒருநா ரசத்துல பெருங்காயம் ரெண்டு பங்கு. நீ சப்புன்னு இருக்குன்ன. மறுநா ஒண்ணுமே போடல, வெறும் புளித்தண்ணி, உப்பு. நேத்திக்கு இன்னிக்கு தேவலன்ன."

அந்த நேரத்திலும் எனக்குச் சிரிப்பு வந்தது. ஒழுங்கான சோதனை. ஒரு பொருளை மட்டும் மாற்றி, மற்றதை மாற்றாமல், பார்ப்பவருக்குச் சொல்லாமல். நான் அவருக்கு வைத்த சோதனையைவிட நல்ல சோதனை. ஐந்து டம்ளரிலும் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொண்டே முகர்ந்தவள் நான். தெரிந்ததைத்தான் முகர்ந்தேன்.

"எங்கிட்டச் சொல்லியிருக்கலாம்ல?"

"ரெண்டு வாரத்துல வந்துரும்னு நெனச்சேன். நீ பொஸ்தகம் எழுதிக்கிட்டிருந்த. நல்லா இருந்த. அப்புறம் கேஸு. நீதான்னு தெரிஞ்சா தேனு ஒன்ன அடுப்புக்கிட்ட விடுவாளா? ஒன்னோட முட்டை, சோடா, செம்பருத்தி எல்லாத்தையும் மூட்டை கட்டிருவா. எனக்கென்ன, ஆறிப்போன சோறு புதுசா? முப்பத்தஞ்சு வருசம் தின்னதுதான்."

இதைச் சொல்லும்போது காம்பையும் இலையையும் சேர்த்தே சட்டியில் போட்டுக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்து காம்பைப் பொறுக்கி எடுத்தேன்.

"தேனுகிட்டச் சொல்லப்போறேன்" என்றேன்.

"வேணாம்."

"தப்பான முடிவோட எப்படிங்க பொஸ்தகத்த முடிக்கிறது?"

நவம்பர் 16, சனி

தேன்மொழி காலை பஸ்ஸில் வந்தாள். வந்ததும் சிலிண்டர் புத்தகம் எங்கே என்று கேட்டாள். முதலில் உட்காரு என்றேன்.

சொன்னேன். நம்பவில்லை. "அப்பாவக் காப்பாத்துறதுக்காகப் பழிய நீ ஏத்துக்கிற" என்றாள். அவர் உடனே, "அதத்தான் நானும் சொல்றேன்" என்றார். எனக்குக் கோபம் வந்தது.

"ரெண்டு பேரு பேச்சையும் நம்பாத. நீயே சோதிச்சுப் பாரு. அஞ்சு துணி இருக்கு. எதுல என்ன வைக்கிறன்னு எனக்குத் தெரியக்கூடாது. அப்பாவுக்கும் தெரியக்கூடாது, கண்ஜாடை காட்டுவாரு."

அவள் அடுப்படிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். டப்பாக்களைத் திறந்து மூடுகிற சத்தம் கேட்டது. நான் துண்டைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பரீட்சை வைத்தே பழகியவள். எழுத உட்கார்ந்து எவ்வளவோ காலமாகிறது.

முதல் டம்ளர் வந்தது. குளிர்ந்த எவர்சில்வர் மேலுதட்டில் பட்டது. நன்றாக இழுத்தேன். காற்று வந்தது. சுத்தமான, ஒன்றுமில்லாத காற்று.

"தெரியல."

இரண்டாவது. "தெரியல."

மூன்றாவதில் ஏதோ இருக்கிற மாதிரி இருந்தது. ஊகித்துச் சொல்லலாமா என்று நினைத்தேன். வகுப்பில் பிள்ளைகள் என் முகத்தைப் பார்த்தே விடையை ஊகிப்பார்கள். கண் கட்டியிருந்தால் அதற்கும் வழியில்லை. "தெரியல" என்றேன்.

நான்காவதில் மூக்குக்குள் ஜில்லென்றது. "கற்பூரம். ஆனா வாசம் இல்ல, குளிர்ச்சி மட்டுந்தான் தெரியுது. அது கணக்கில்ல."

ஐந்தாவதற்குப் பதில் சொல்லும் முன்பே தேன்மொழி துண்டை அவிழ்த்துவிட்டாள். அவள் கையில் பெருங்காய முடிச்சு இருந்தது. டம்ளரில் கூட இல்லை, என் மூக்கை ஒட்டிப் பிடித்திருந்தாள்.

பிறகு அவள் அப்பாவிடம் திரும்பினாள்.

"உங்களுக்குத் தெரியும். தெரிஞ்சுக்கிட்டே நான் திட்டுனதெல்லாம் வாங்கிக்கிட்டு உக்காந்திருந்தீங்க."

"நீ ஒண்ணும் பெருசாத் திட்டலயே."

"அப்பா."

"காப்பி சாப்பிடுறியா? பஸ்ல வந்திருக்க."

அவர் அடுப்படிக்குப் போனபோது அவள் தடுக்கவில்லை. டிகாஷன் இறங்கும் வரை நாங்கள் இருவரும் அதே இடத்தில் உட்கார்ந்திருந்தோம். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "எப்பத்திலிருந்து?" என்று மட்டும் கேட்டாள். நினைத்துப் பார்த்தேன். சரியாகச் சொல்ல முடியவில்லை. விளக்கு அணைவதைப் பார்க்கலாம். வாசம் போவதை எதை வைத்துப் பார்ப்பது?

சிலிண்டர் அங்கேயே இருக்கிறது. அடுப்படி அவருக்கு. கேஸ் கசிந்தால் கூவுகிற கருவி ஒன்றை அவள் மாட்டிவிட்டாள். அவர் வீட்டில் இல்லாத நேரம் நான் அடுப்பைப் பற்றவைக்கக்கூடாது என்று தீர்ப்பு. நியாயமான தீர்ப்புதான். ஒப்புக்கொண்டேன்.

நவம்பர் 17, ஞாயிறு

பஜ்ஜி. வாழைக்காய், வெங்காயம், கூடவே தேன்மொழிக்குப் பிடித்த அப்பளப்பூ வத்தல். தீபாவளிக்கு விட்டதற்கும் சேர்த்துப் பொரித்தார். செலின் தட்டோடு வந்தாள். அவரும் அவளும் பேசிக்கொண்டார்கள்.

நவம்பர் 20, புதன்

மூக்கு டாக்டர். இளம்பெண், பொறுமையாகக் கேட்டார். காய்ச்சலுக்குப் பிறகு சிலருக்கு இப்படி ஆகும். மாதக்கணக்கில் ஆகலாம், கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பலாம், திரும்பாமலும் போகலாம். நான்கு வாசனைகளைத் தினம் காலையும் மாலையும் முகர வேண்டும். முகரும்போது அந்த வாசத்தை மனதில் நினைத்துக்கொள்ள வேண்டும்.

"நினைச்சுக்கிட்டே முகர்ந்ததுதானே டாக்டர் என் தப்பு?" என்றேன்.

டாக்டருக்குப் புரியவில்லை. இவர் மட்டும் பக்கத்தில் குலுங்கிச் சிரித்தார்.

நவம்பர் 21, வியாழன்

கிராம்பு: இல்லை. எலுமிச்சை: இல்லை. ரோஜா: இல்லை. காப்பி: இல்லை.

நவம்பர் 26, செவ்வாய்

நான்கும் இல்லை. ஆனால் கவனிக்க வேறு விஷயங்கள் இருக்கின்றன. தோசை மொறுமொறுப்பு உடைகிற சத்தம் ஓரத்தில் ஒரு மாதிரி, நடுவில் ஒரு மாதிரி. தயிரின் வழுவழுப்பு. வெந்தயக் கசப்பு நாக்கின் பின்னால் தாமதித்து வருவது. இத்தனை காலம் வாசத்தின் கூச்சலில் இதையெல்லாம் கவனிக்கவேயில்லை.

வாசத்துக்கு அவரை வைத்துக்கொண்டிருக்கிறேன்.

"கொத்தமல்லி எப்படி இருக்கு?"

"நல்லா இருக்கு."

"அது மார்க்குங்க. எப்படி இருக்குன்னு கேட்டேன்."

அவர் கொத்தைக் கையில் வைத்துக்கொண்டு திணறினார். "பச்சையா இருக்கு. பச்சைன்னா... மழை பேஞ்ச மறுநா, காலைல, புல்லு மொளச்ச சைடிங் லைன்ல வண்டி ஒதுங்கி நிக்கும்ல. அப்ப எறங்கி நடந்தா வரும். அதுல ஒரு சொட்டு எலுமிச்ச."

அப்படியே எழுதிக்கொண்டேன்.

டிசம்பர் 1, ஞாயிறு

நான்கும் இல்லை. ரோஜாவில் ஏதோ கருகல் மாதிரி ஒரு நொடி வந்தது. மறுபடி இழுத்தால் இல்லை. நினைத்துக்கொண்டேனோ, வந்ததோ தெரியாது. கேள்விக்குறி போட்டிருக்கிறேன்.

புத்தகத்தின் வாசனை அத்தியாயத்தை முதலிலிருந்து எழுதிவிட்டேன். 'சோதிப்பவரும் கண்ணைக் கட்டிக்கொள்ள வேண்டும், டம்ளரை மூன்றாம் ஆள் வைக்க வேண்டும்' என்று சேர்த்தேன்.

மாலையில் அவருக்கு எதிரே உட்கார்ந்து, பருத்திப்பால், புதுத்துணி, மண்ணெண்ணெய் என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். இப்போதெல்லாம் சளைக்காமல் சொல்கிறார். கடைசியில், சும்மாதான், "எம்மேல என்ன வாசம் வரும்?" என்று கேட்டேன்.

"ஒம்மேலயா? சாக்பீஸ்."

"சாக்பீஸத் தொட்டு ஒம்பது வருசம் ஆச்சு. அதுக்கு அவ்வளவா வாசமும் கிடையாது."

"அதுக்கு நான் என்ன பண்ண? வருது."

"நல்லா முகர்ந்துதான் சொல்றீங்களா? நெனச்சுக்கிட்டு சொல்றீங்களா?"

அவர் எழுந்து கிட்டே வந்து, கண்ணை மூடிக்கொண்டு, என் காதோரம் மூச்சை ஆழமாக இழுத்தார். கொஞ்சம் நிதானித்து மறுபடி இழுத்தார்.

"சாக்பீஸ்தான்" என்றார்.

என்னால் சரிபார்க்க முடியாது. அவர் சொன்னபடியே குறித்துக்கொள்கிறேன்.